இலவச மென்பொருளில் பிழையைச் சொல்லியாச்சு, திருத்தம் எப்போ?

காவேரிப்பட்டணம், அச்சக வேலை

எங்கள் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும்தான் சோறு போடுகின்றன. ரொம்ப நாள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளையும் பழைய தமிழ் எழுத்துருவையும் வைத்தே ஓட்டினோம். அதில் கொம்பை முதலில் அடித்துவிட்டு அப்புறம் எழுத்தை அடிப்போம். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே உள்ளே போவதால் மென்பொருளுக்குத் தமிழைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் யூனிகோடு, அதாவது போனும் இணையமும் பயன்படுத்தும் பொது எழுத்துமுறையில் மேட்டர் அனுப்பத் தொடங்கியதும் இந்த வழி கஷ்டமாகிவிட்டது. யூனிகோடில் 'பெ' என்பது ப முதலில், கொம்பு பின்னால். அதைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை.

பேஜ்மேக்கர் மாதிரியே பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் இலவசம், ஆஃப்செட் அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே என்ற நாலு மை நிறமும் தருகிறது என்று ஆசையாக எடுத்தோம். அப்போது 1.4 பதிப்பு. பெண்ணேஸ்வரமடத்தில் ஒரு முகூர்த்தம். ஊர்ப் பெயரை ஒட்டினால் ப தனியாக நிற்கிறது, அதன் கொம்பு அடுத்த ண் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது, இரட்டைக்கொம்பு ணகரத்தைத் தாண்டி ஸ் பக்கம் நிற்கிறது. புரூஃபைப் பார்த்த பெண்ணின் அப்பா, "என்னப்பா, சாமி பேரையே கொலை பண்ணி வெச்சிருக்க" என்றார். அந்த வேலையைப் பழையபடி பேஜ்மேக்கரில் அடித்துக் கொடுத்தோம்.

ஸ்கிரைபஸின் இணையப் பிழைப் பட்டியலில் தேடினால் யாரோ முன்பே பதிந்திருந்தார்கள். கீழே "எனக்கும் இதே பிரச்சினை" என்று வரிசையாக ஆட்கள். திருத்தம் மட்டும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, இன்றைக்கும் அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன். இலவசமாகக் கொடுத்தாலும் என் மொழி அதில் உடைந்து நிற்கும்போது வலிக்கத்தான் செய்யும்.

கடைசியில் அதைச் சரிசெய்ததில் பெரும்பங்கு ஓமன் நாட்டு டெவலப்பர்களுக்கு. அவர்களுக்கு அரபி உடைந்தது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற இன்ஜினை ஸ்கிரைபஸில் கொண்டுவந்தார்கள், தமிழும் கூடவே சரியானது. 2017இல் 1.5.3 பதிப்பில் வந்துவிட்டது. ஆனால் 1.5 வரிசை முழுக்க 'சோதனைப் பதிப்பு' என்றே இருந்தது. அதில் சேமித்த கோப்பு 1.4இல் திறக்காது. அதை நம்பி பிளேட் போட எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. நிலையான 1.6 வந்தது 2024 ஜனவரியில்தான்.

இதில் எனக்குப் புரிந்தது இதுதான். தமிழ் படிக்கத் தெரியாத டெவலப்பர் கண்ணுக்குக் கொம்பு எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான். அவருக்கு அது பிழை என்றே தெரியாது. அதனால் இப்போது எதைப் பதிந்தாலும் உடைந்த படம் ஒன்று, சரியான படம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துருவின் பெயரையும் போட்டு அனுப்புகிறேன்.

பாலக்கோடு பக்கம், கணினி ஆசிரியர்

அண்ணா சொன்னதோடு வேறு மாதிரி ஒன்று. பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் ஓப்பன் ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் கடிதம், கட்டுரை அடிக்கும் ரைட்டர்தான் பாடம். ஆய்வகத்தில் பிள்ளைகள் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறந்துவிடுவார்கள், திருத்துவார்கள், அதே வடிவில் சேமிக்கப் போனால் அந்த வடிவமே பட்டியலில் இருக்காது. "மிஸ், எங்க போச்சு?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். அது எங்கேயும் போகவில்லை, வரவே இல்லை. 2010இல் டெவலப்பர்களில் பலர் பிரிந்துபோய் லிப்ரே ஆபிஸ் தொடங்கினார்கள். அங்கே அந்த வசதி எப்போதோ வந்துவிட்டது. ஓப்பன் ஆபிஸ் 2014இல் வந்த 4.1 வரிசையிலேயே நிற்கிறது. ஆட்கள் போய்விட்ட இடத்தில் எத்தனை முறை புகார் எழுதினாலும் பயனில்லை. பாடத்தை ஓப்பன் ஆபிஸில் நடத்திவிட்டு, ப்ராஜெக்ட் வேலையை லிப்ரே ஆபிஸில் செய்யச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு மாறுவது ஒன்றும் சிரமமாக இல்லை.

ஓசூர், மென்பொருள் வேலை

கோபம் நியாயம்தான். ஆனால் அது யார் மேல் விழுகிறது என்று பார்க்கச் சொல்வேன். எக்ஸ்இசட் விவகாரம் நடந்ததிலிருந்து எனக்கு இந்தப் பயம் போகவில்லை. கோப்பைச் சுருக்கும் சின்ன மென்பொருள் அது, லினக்ஸில் எங்கும் இருக்கும். பல வருடமாக ஒரே ஒருவர், சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டார். 2022இல் முன்பின் தெரியாத சில கணக்குகள் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று அவரை நச்சரித்தன. மனநலம் சரியில்லை என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை. பொறுப்பில் பங்கு பெற்ற புது ஆள்தான் பின்னால் அதில் திருட்டு வாசல் வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் வெளியே வந்தது.

பயனர்களின் எரிச்சல் போலவே ஜோடித்துத்தான் அந்த மனிதரை வளைத்தார்கள். அதனால் அச்சக அண்ணாவின் வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் சேர்ப்பேன்: படத்தோடு, பிழை வரும் ஒரே ஒரு சொல் இருக்கும் சின்னக் கோப்பையும் இணையுங்கள். முழுப் பத்திரிகையை அனுப்பினால் எங்கே பார்ப்பது என்று தேடவே அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆங்கிலத்தில் எழுதச் சிரமம் என்றால் இங்கே போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.