முகாமில் முதல் நாள் மாலை என்ன விளையாட்டு வைத்தீர்கள்?

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் என்.எஸ்.எஸ். பார்க்கிறேன். 7 நாள் சிறப்பு முகாம் வருகிறது, 50 பிள்ளைகள். விட்டால் துறைவாரியாகக் கும்பல் சேர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். முதல் நாள் மாலையே கலைத்துவிட வேண்டும். 'பேர், ஊர், பிடித்த நடிகர்' சுற்று வேண்டவே வேண்டாம், பத்தாவது ஆளுக்கு மேல் யாரும் காதில் வாங்குவதில்லை. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

* * *

கலைக்க வேண்டுமென்றால் 'கப்பல் கவிழுது'தான் சார். எல்லோரும் சுற்றி நடக்க, "கப்பல் கவிழுது, படகுக்கு மூணு பேர்!" என்று கத்துவோம். மிஞ்சுகிறவரை அவுட் ஆக்கக் கூடாது. ஆக்கினால் கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் ஓரமாகப் போய்ப் போனை நோண்டுவார்கள். விசிலை அவர் கையில் கொடுத்து அடுத்த எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக "பத்து" என்று முடித்தால் உங்கள் 50 பேரும் ஐந்து குழு. சமையலுக்கும் துப்புரவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

* * *

எங்கள் முகாமில் எடுபட்டது மனித முடிச்சு. பத்துப் பேர் நெருங்கி நின்று, எதிரே இருப்பவர்கள் கையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துக்கொண்டு, விடாமல் வட்டமாகப் பிரிந்து வர வேண்டும். ஆணும் பெண்ணும் கை பிடிக்கத் தயங்குவார்கள். அவர்கள் தயங்காவிட்டாலும் திண்ணையில் உட்கார்ந்து ஊரே பார்க்கும். அதனால் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தோம். தன் துண்டு வலது கையில், எதிரே நிற்கும் ஒருவர் துண்டின் நுனி இடது கையில். பக்கத்தில் நிற்பவர் துண்டை மட்டும் பிடிக்கக் கூடாது.

அதுவரை வாயே திறக்காத முதலாமாண்டுப் பையன் ஒருவன் திடீரென்று, "அக்கா, நீங்க குனிஞ்சு அந்த நீலத் துண்டுக்கு அடியில வாங்க. அண்ணே, நீங்க அசையாதீங்க" என்று ஆரம்பித்தான். மூன்றாமாண்டு மாணவர் தலைவர் உட்பட எல்லோரும் அவன் சொன்னபடி குனிந்து நிமிர்ந்தார்கள். முகாம் முடியும்வரை எந்த வேலைக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

சில முடிச்சு இரண்டு வட்டமாகப் பிரியும், சிலது அவிழவே அவிழாது. ஒரே ஒருமுறை ஒரு துண்டை விட்டுப் பிடிக்கலாம் என்று முன்னமே சொல்லிவிடுங்கள்.

* * *

எந்த விளையாட்டானாலும் தோற்றவருக்குத் தண்டனை வைக்காதீர்கள். ஓர் இளைஞர் முகாமில் பந்தைக் கைமாற்றும் ஆட்டம். பாட்டு நின்றபோது பந்து என் கையில். சீட்டை எடுத்தால் 'பக்கத்தில் இருப்பவருக்கு ப்ரபோஸ் செய்' என்று இருந்தது. எல்லோரும் கைதட்டிச் சிரிக்க, நான் சீட்டை மடித்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அந்த முகாமில் எந்த வட்டத்துக்குள்ளும் நான் போகவில்லை. சீட்டு வைத்தே ஆக வேண்டுமா? சரி, முந்தின நாளே இரண்டு மாணவிகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கிழித்துப் போட்டதுபோக மிச்சம் இருந்தால் போதும்.

* * *

நான் மட்டக்களப்பு. சிங்களப் பிள்ளைகளும் எங்கட பிள்ளைகளும் கலந்த ஓர் ஒன்றுகூடல். பாஷை தெரியாத இடத்தில் பேசி ஆடும் விளையாட்டெல்லாம் படுத்துவிடும். அதனால் சித்திரைப் புத்தாண்டில் இரண்டு பக்கமும் விளையாடுகிற யானைக்குக் கண் வைத்தலை எடுத்தோம். கரும்பலகையில் கண் இல்லாத யானை. கண்ணைக் கட்டி, கையில் வெண்கட்டியைக் கொடுத்து விடுவது. நாங்கள் சேர்த்தது ஒன்றுதான்: தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களப் பிள்ளைகள் மட்டுமே வழி சொல்ல வேண்டும், மற்றப் பக்கமும் அப்படியே.

"வமட்ட! வமட்ட!" (இடது பக்கம்) என்று அவர்கள் தொண்டை கிழியக் கத்த, எங்கட பொடியன் நேர் எதிர்ப்பக்கம் போய் வாலுக்குக் கீழே கண்ணை வைத்தான். அடுத்துப் போனவள் புத்திசாலி, கண்ணைக் கட்டுவதற்கு முன்னமே ஒரு சிங்களத் தங்கச்சியைப் பிடித்து இடது, வலது, மேலே, கீழே நாலையும் கேட்டு வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து வரிசையில் நின்ற எல்லாரும் ஆளுக்கொரு வாத்தியாரைத் தேடத் தொடங்கினார்கள். வெண்கட்டி மட்டும் கூடுதலாக வாங்கி வைங்க, எங்களுக்குப் பாதியிலேயே முடிந்துவிட்டது.