மயோகுளோபினில் வாயு ஏறுகிறது, ஈமோகுளோபினில் ஏறவில்லை: எங்கே பிழை?

கிளிநொச்சி மாணவி
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காகக் கோர்ம்-3 (CORM-3) என்ற உருத்தேனிய உலோகச் சேர்மத்தோடு ஒரு மாதமாக மல்லுக்கட்டுகிறேன். ஓர் உருத்தேனிய அணுவோடு மூன்று காபனோரொட்சைட்டு (CO), ஒரு குளோரைட்டு, ஒரு கிளைசினேற்று. உடலுக்குள் போய் காபனோரொட்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும் என்பதுதான் இந்த மருந்தின் நோக்கம். (அம்மா விறகடுப்படியில் இருந்துகொண்டு, "புகையில இருக்கிற நஞ்சை ஏன் பிள்ளை மருந்தாக்கிறியள்?" என்று கேட்கிறா. ஈமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஈம் உடையும்போது எங்கள் உடலே அந்த வாயுவைச் சிறிதளவு உண்டாக்குகிறது என்று சொன்னேன். இன்னும் நம்பவில்லை.)

குதிரைத் தசையில் ஒட்சிசனைப் பிடிக்கும் புரதமான மயோகுளோபினில் சோடியம் டைதயோனைற்றுப் போட்டு ஒட்சிசனை அகற்றியதும் ஒளி உறிஞ்சலில் 560 நனோமீற்றரில் ஒற்றை முகடு வந்தது. மருந்தைச் சேர்த்தேன். சில நிமிடங்களில் அது 540, 578 என்று இரண்டாகப் பிரிந்தது. வாயு ஈமில் ஏறிவிட்டது, சரி. பிறகு டைதயோனைற்று இல்லாமல், ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினில் அதே அளவு மருந்தைச் சேர்த்தேன். அரை மணி நேரம் பார்த்தும் 577 முகடு அசையவே இல்லை. காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும் என்றுதானே படித்தோம்? முகடு 569 பக்கம் நகர்ந்திருக்க வேண்டுமே?

போன கிழமை கரண்ட் போய் ஓர் இரவு முழுக்கக் குளிர்சாதனப்பெட்டி நின்றது. மருந்து பழுதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இன்னொரு குப்பி எடுப்பிக்க வசதி இல்லை.

முறிகண்டியான்
இரண்டு சோதனையும் ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்தா செய்தீர்கள்?

கிளிநொச்சி மாணவி
ஓம் அண்ணா, ஒரு மணி நேர இடைவெளிதான்.

குளக்கட்டு
அப்படியென்றால் குப்பியில் பிழை இல்லை, தங்கச்சி. டைதயோனைற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அது ஒட்சிசனை அகற்றுவதோடு நிற்பதில்லை. அதிலிருந்து வரும் சல்பைட்டு வகைகள் உருத்தேனியத்தோடு சேர்ந்து காபனோரொட்சைட்டை வெளியே தள்ளுகின்றன. 2012இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பூல், மான் குழுவினர் இதைக் காட்டினார்கள். அதுவரை இந்த மருந்து தானாகவே வேகமாக வாயுவை விடுகிறது என்று பலரும் மயோகுளோபின் சோதனையை வைத்தே எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் இரண்டாவது சோதனைதான் குருதியில் நடப்பதற்கு அருகில் இருக்கிறது. அதைப் பிழை என்று தூக்கிப் போடாதீர்கள்.

உறுதிப்படுத்த ஒரு வழி: மாற்றம் வராத அந்த ஈமோகுளோபின் கரைசலிலேயே இப்போது டைதயோனைற்றைப் போடுங்கள். மருந்து உண்மையிலேயே பழுதென்றால் 555இல் ஒற்றை முகடு மட்டும் நிற்கும். 540, 569 வந்தால் வாயு இவ்வளவு நேரமும் உலோகத்தோடுதான் இருந்திருக்கிறது.

இனி, ஈமுக்குப் போகாத உருத்தேனியம் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது புரதத்தின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. 2011இல் முட்டை வெள்ளைக்கரு லைசோசைம் என்ற புரதத்தின் பளிங்கில் பார்த்தபோது, 15ஆவது இடத்திலுள்ள ஹிஸ்டிடீன் என்ற அமினோவமிலத்தில் இரண்டு காபனோரொட்சைட்டோடு உருத்தேனியம் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது காபனோரொட்சைட்டு, நீர் தாக்கியதால் காபனீரொட்சைட்டாகப் போய்விடுகிறது. குருதி பிளாஸ்மாவிலோ லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் என்ற புரதம் இருக்கிறது, ஹிஸ்டிடீன்களும் 34ஆவது இடத்தில் ஒரு கட்டற்ற சிஸ்டீனும் அதில் உண்டு. ஊசியால் ஏற்றிய மருந்து செங்குருதிக் கலத்துக்குள் இருக்கும் ஈமைத் தேடிப் போகுமுன் அல்புமின் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நீங்கள் தராசில் நிறுத்த மூலக்கூறும் குருதியில் ஓடுகிற மூலக்கூறும் ஒன்றல்ல. அல்புமினோடு ஒட்டிய இந்த உருத்தேனியம் வாயுவை மெதுவாக விடுவதை 2015இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

தாதி அக்கா
இரசாயனம் எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் இந்த மருந்தை ஒருநாள் நோயாளிக்குக் கொடுத்தால், விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை மட்டும் நம்பவேண்டாம் என்று உங்கள் அறிக்கையில் எழுதுங்கள் பிள்ளை. இரண்டு அலைநீளத்தில் அளக்கும் சாதாரணக் கருவிக்குக் காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினும் ஒட்சிசன் ஏறியது போலத்தான் தெரியும். பூட்டிய அறைக்குள் ஜெனரேற்றர் ஓடவிட்டுப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மானி நல்ல எண்ணைக் காட்டும், ஆள் மயங்கிக் கிடப்பார்.

கிளிநொச்சி மாணவி
எழுதுகிறேன் அக்கா, மிக்க நன்றி. அண்ணா, இன்னொன்று. மருந்தை ஓர் இரவு தாங்கற்கரைசலில் ஊறவைத்து, ஒப்பிட்டுப் பார்க்க 'வாயு இல்லாத கட்டுப்பாடு' என்று வைத்திருக்கிறேன். அது பிழையாகாதா?

குளக்கட்டு
பிழையாகும். ஊறிய கரைசலில் உருத்தேனியம் இன்னும் காபனோரொட்சைட்டைப் பிடித்திருக்கலாம். அது மட்டுமல்ல, உருத்தேனியம் கந்தகமுள்ள தயோல்களோடு தாக்கம் புரிவதுதான் பற்றீரியாவைக் கொல்கிறது, வாயு அல்ல என்று 2018இல் ஒரு கட்டுரை வந்தது. வாயுவின் விளைவைத் தனியே பார்க்க, காபனோரொட்சைட்டு நிரம்பிய நீரைப் பயன்படுத்துங்கள். 25 பாகையில், ஒரு வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 1 மில்லிமோலர் கரையும். காற்றோட்டம் உள்ள இடத்தில் ஆசிரியர் கூட நிற்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கிளிநொச்சி மாணவி
இன்று செய்தேன். அதே ஈமோகுளோபின் கரைசலில் டைதயோனைற்றுப் போட்டதும் 540, 569! மருந்து பழுதில்லை. எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்து அல்புமினோடு ஊறவைத்து, ஒட்டாததை டயலிசிசில் கழுவிப் பார்க்க வேண்டும். குழாய்தான் இல்லை.

குளக்கட்டு
என்னிடம் ஒரு முழம் இருக்கிறது. சனிக்கிழமை வவுனியா பஸ் நிலையத்தடிக்கு வாருங்கள், தருகிறேன். மருந்து சேர்க்காத அல்புமினையும் பக்கத்தில் ஒரு துண்டுக் குழாயில் கட்டாயம் போடுங்கள்.