மார்ஃபின் என்றால் தூக்க மருந்தா?

பென்னாகரத்தான்:
அப்பாவுக்குப் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மார்ஃபியஸ் என்ற தூக்கக் கடவுளின் பெயரைத்தானே இதற்கு வைத்தார்கள்? கண்டுபிடித்தவரே தூங்க வைக்கிற பொருள் என்று சொன்ன பிறகு, இதை வலி மருந்து என்பது சரியா? அப்பா இன்னும் நன்றாகப் பேசுகிற மனுஷன். அவரை மயக்கத்தில் போட மனசு வரவில்லை.

காவேரிப்பட்டணம் மருந்தாளுநர்:
தம்பி, பெயர் வந்த கதை சரிதான். ஆனால் பெயரை வைத்து மருந்தை எடை போடாதீர்கள். ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த செர்ட்யூர்னர், 1805 வாக்கில் அபினிலிருந்து இதைப் பிரித்தார். அவர் வைத்த பெயர் மார்ஃபியம். பிரான்சின் வேதியியலாளர் கே-லுசாக் அதை மார்ஃபின் ஆக்கினார்.

ஓசூர் வாசகி:
ஒரு திருத்தம். மார்ஃபியஸ் தூக்கக் கடவுள் இல்லை, தூக்கக் கடவுளின் மகன். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியதில், கனவில் மனித உருவம் எடுத்து வருகிறவன் அவன். கப்பல் உடைந்து இறந்த கேயக்ஸின் உருவில், ஈரம் சொட்டச் சொட்ட மனைவியின் கனவில் வந்து நிற்கிறான். கிரேக்கத்தில் 'மார்ஃபே' என்றால் உருவம். வேர்ச்சொல்லில் தூக்கமே கிடையாது.

பென்னாகரத்தான்:
அக்கா, வேர் என்னவாக இருந்தால் என்ன? வைத்தவர் மனதில் தூக்கம்தானே இருந்தது? மருந்தைக் கொடுத்துச் சோதித்த நாய்கள் தூங்கி விழுந்ததைப் பார்த்துத்தானே வைத்தார்?

காவேரிப்பட்டணம் மருந்தாளுநர்:
அங்கேதான் விஷயம். செர்ட்யூர்னர் கொடுத்த அளவைப் பாருங்கள். தானும் மூன்று இளைஞர்களும் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை, அரை கிரெய்ன் (சுமார் 30 மில்லிகிராம்) வீதம் விழுங்கினார்கள். ஆளுக்கு மொத்தம் சுமார் 90 மில்லிகிராம். கடைசியில் வினிகர் குடித்து வாந்தி எடுக்க வேண்டியதாயிற்று. அளவு மீறினால் வருகிற மயக்கத்தைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சின்ன அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். முதல் சில நாள் சொக்கும், அப்புறம் பெரும்பாலும் தெளிந்துவிடும். வலியில் விடிய விடிய விழித்திருந்தவர் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் அதற்குப் பயப்படாதீர்கள். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவானால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அரூர்க்காரன்:
என்னதான் சொன்னாலும் அபின் அபின்தான். பழகிவிட்டால் யார் பொறுப்பு? ஹெராயினையும் 1898-ல் இருமல் மருந்தாகத்தானே விற்றார்கள்?

காவேரிப்பட்டணம் மருந்தாளுநர்:
விற்றார்கள், அது பெரும் தவறு. ஆனால் அந்தத் தவறுக்காக, புற்றுநோய் வலியில் துடிக்கிறவருக்கு மருந்தை மறுப்பது கொடுமை. நாளடைவில் உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதற்குப் பெயர் போதை அடிமை இல்லை.

பென்னாகரத்தான்:
பெயர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, வைத்தவர் நினைத்தது தூக்கத்தைத்தான். ஆனால் இன்று இரவு மாத்திரை கொடுக்கிறேன். மலச்சிக்கல் வரும் என்கிறார்களே, அதற்கு எப்போது மருந்து தொடங்குவது?

காவேரிப்பட்டணம் மருந்தாளுநர்:
முதல் நாளே தொடங்க வேண்டும். சொக்கல் தெளிந்தாலும் மலச்சிக்கல் போகாது. சீட்டில் மலமிளக்கி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.