ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி: மூன்றுக்கும் ஒரே டோல் பெட்டி போதுமா?

நாமக்கல்_டிரெய்லர்:
வணக்கம். சொந்த ஊர் நாமக்கல், எட்டு மாதமாகப் போலந்தில் போஸ்னானில் ஒரு கம்பெனிக்கு ஐந்து ஆக்சில் (சக்கர அச்சு) டிரெய்லர் ஓட்டுகிறேன். பெர்லின், மியூனிக், பிரென்னர் கணவாய் தாண்டி வெரோனா, இதுதான் வழக்கமான ஓட்டம். ஊரில் கண்ணாடியில் ஒரு ஃபாஸ்டேக் ஒட்டினால் காஷ்மீர் வரைக்கும் அதே ஸ்டிக்கர்தான். இங்கே அதற்குப் பதில் கண்ணாடியில் டோல் பெட்டி, பழைய வண்டியில் மூன்று இருந்தது. போன மாதம் கொடுத்த வண்டியில் ஒன்றுதான், "எல்லா நாட்டுக்கும் இதுவே போதும்" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்திரியாவில் ரோட்டுக்கு மேலே டோல் எடுக்கும் இரும்பு வளைவுகளுக்கு அடியில் போகும்போதெல்லாம் ஒரு பீப் வந்தது, சரி காசு போகிறது என்று ஓட்டிவிட்டேன். இப்போது ஆபீசில் கூப்பிட்டு, பெட்டியில் ஆக்சில் இரண்டு என்று இருந்திருக்கிறது, குறைவாகக் கட்டியதற்குக் கூடுதல் தொகை கேட்டிருக்கிறார்கள், அதை உன் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறார்கள். வண்டி எந்த ரோட்டில் போகிறது என்று தெரிந்த பெட்டிக்கு எத்தனை ஆக்சில் என்று தெரியாதா? ஒரே பெட்டி என்பதே உண்மையா?

லின்ஸ்_டிஸ்பாட்ச்:
தம்பி, தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒற்றை பீப்புக்குக் காசு எடுத்தாகிவிட்டது என்றுதான் அர்த்தம், சரியான காசு என்று அர்த்தமில்லை. நான்கு பீப் வந்தால் எடுக்கவே இல்லை, அப்போது உடனே கவனிக்க வேண்டும். ஆஸ்திரியாவில் இரண்டு, மூன்று, நான்கும் அதற்கு மேலும் என்று மூன்று வகை. முன்னால் ஓட்டியவர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வெறும் இழுவை வண்டியாகப் போயிருப்பார், இரண்டு என்று மாற்றியிருப்பார், அது அப்படியே நின்றிருக்கும். என் கண்ணில் படும் தகராறுகளில் பெரும்பகுதி இதுதான். டிரெய்லரை மாட்டி ஏர் ஹோஸைச் சொருகியதும் கை நேராகப் பெட்டிக்குப் போக வேண்டும். ஜெர்மனிக்கும் எடையும் ஆக்சிலும் பார்த்துத்தான் கணக்கு.

பணம் கட்டும் பொறுப்பு ஆஸ்திரியச் சட்டப்படி டிரைவருக்கும் உண்டு, வண்டி யார் பேரில் பதிவோ அவருக்கும் உண்டு. ஆனால் அது வேறு, சம்பளத்தில் கை வைப்பது வேறு. போலந்துத் தொழிலாளர் சட்டத்தில் இந்த மாதிரிப் பிடித்தத்துக்கு உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெட்டிக்குள்_என்ன:
ஒரே பெட்டி உண்மைதான், ஆனால் உள்ளே மூன்று நான்கு பெட்டியின் வேலை நடக்கிறது. போலந்திலும் ஜெர்மனியிலும் செயற்கைக்கோள் வழியாகத் தான் எங்கே இருக்கிறது என்று பார்த்து, மொபைல் நெட்வொர்க்கில் அனுப்பும். ஆஸ்திரியாவில் 2004 முதலே வளைவும் பெட்டியும் 5.8 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையில் பேசிக்கொள்கின்றன. இத்தாலியிலும் நுண்ணலைதான், ஆனால் பேசும் முறை வேறு, அங்கே டோல் கேட் (தடுப்பு வாசல்) கூட உண்டு.

இதையெல்லாம் இணைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் ஒரு சட்டம் போட்டது. 2009-இல் விதிகளை வகுத்து, லாரிகளுக்கு ஒரே பெட்டி மூன்று வருடத்தில் வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. திருத்திய சட்டம் 2021 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே இது லேசான வேலை இல்லை. ஜெர்மனியின் லாரி டோல் 2003 ஆகஸ்டில் தொடங்க வேண்டியது, 2005 ஜனவரியில்தான் ஓடியது. அந்தத் தாமதத்துக்கான நஷ்ட வழக்கு 2018-இல்தான் முடிந்தது, 320 கோடி யூரோவுக்கு.

இன்னொன்று. பெட்டி கொடுக்கும் நிறுவனம், பதிவான மூன்று வருடத்துக்குள் குறைந்தது நான்கு நாடுகளையாவது சேர்க்க வேண்டும் என்றுதான் விதி. "எல்லா நாடும்" என்பது ஆபீஸ் எடுத்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கட்டணமும் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படி வைப்பது. உங்கள் அளவு யூரோ 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிக்கு ஜெர்மனியில் கிலோமீட்டருக்கு 19 சென்ட் இருந்தது, கார்பன் கட்டணம் சேர்ந்த 2023 டிசம்பரில் 34.8 ஆனது. ஜெர்மனிக்குள் 700 கிலோமீட்டர் என்று வைத்தாலே ஒரு வழிக்கு 240 யூரோவைத் தாண்டும். ஓனர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்று புரிகிறது, அதை டிரைவர் தலையில் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

சூரிச்_லொறி:
தம்பி, பிரென்னரில் அடைப்பு என்று உங்களைச் சுவிஸ் வழியான கோட்ஹார்ட் மலைப்பாதைப் பக்கம் திருப்பினால் கவனம். சுவிஸ் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. 2001 முதல் இங்கே நெடுஞ்சாலை மட்டுமில்லை, எல்லா வீதிக்கும் லொறிகளுக்குக் கட்டணம். டிரெய்லரையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். உங்கள் பெட்டியில் சுவிஸ் இருக்கிறதா என்று எல்லைக்கு வருவதற்கு முன்பே கேளுங்கள்.

நாமக்கல்_டிரெய்லர்:
ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். நான் வண்டி எடுத்த தேதிக்கு முன்னாலேயே ஆக்சில் இரண்டு என்று இருந்ததா என்று பெட்டியின் பதிவை ஆபீசில் கேட்டிருக்கிறேன். நாளைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையெழுத்து எதிலும் போடவில்லை.