பழைய ஜீப் பிக்கப்: இரும்பு டிஸ்க் மாற்றிய பிறகு நட்டு தளர்கிறது

அண்ணன்மாரே, வண்டி 80-களில் வந்த மஹிந்திரா ஜீப் பிக்கப், தக்கலையில் நிற்கிறது. பழைய 16 இஞ்ச் டிஸ்க் (டயர் மாட்டும் ரிம், பிரேக் டிஸ்க் இல்லை) உப்புக்காற்றில் பொரிந்துபோனதால், போன மாதம் நாகர்கோவிலில் செகண்ட் ஹேண்டாக 15 இஞ்ச் இரும்பு டிஸ்க் வாங்கி, பவுடர் கோட்டிங் அடித்து மாட்டினேன். ஐந்து துளை, பிசிடி (துளைகளின் மையம் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ., அதில் குழப்பமே இல்லை. ஆனால் 50 வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. மார்த்தாண்டம் பாலம் வரை போய் வந்தால் முன் வலது சக்கரத்தில் நட்டு தளர்ந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் நட்டு உட்காரும் இடத்தில் பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து கிடக்கிறது.

பேலன்சிங், அலைன்மென்ட் பார்த்தாயிற்று. முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளான டை ராட் எண்ட், கிங் பின் பேரிங்கில் ஆட்டம் இல்லை. அந்த டிஸ்க்கைப் பின்னால் மாற்றினால் அங்கேயும் தளர்கிறது. டிஸ்க் பிரேக் டிரம்மில் ஒட்டும் இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டியதில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்கிறார்கள். கூம்பு நட்டுக்கு வாஷரா? மனசு ஒப்பவில்லை. டிஸ்க்கின் நடுத்துளை ஹப்பைவிட (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பெரியது, அதனால் சக்கரத்தை நடுவில் நிறுத்துவதே நட்டுதான். இப்போதைக்கு வண்டியை எடுப்பதில்லை.

கையில் இருப்பது வண்டியோடு வந்த 60 டிகிரி கூம்பு நட்டு. இந்த டிஸ்க்குக்கு அதுவே போதுமா, இல்லை உருண்டை முகம் உள்ள நட்டுதான் போட வேண்டுமா?