டென்னிஸ் ஆட்டத்தில் கேலரியிலிருந்து வந்த கோச்சின் சைகை: உங்கள் அனுபவம் என்ன?

பேஸ்லைன்வாசி:
ஜூனியர் போட்டிகளில் ஆடிய காலத்தில் அப்பாதான் என் கோச். தொப்பியைக் கழற்றி மாட்டினால் பேக்ஹேண்டுக்கு செர்வ். தண்ணீர் பாட்டிலை எடுத்தால் வலைக்கு ஏற வேண்டும். ஆட்டத்தின் நடுவே கோச்சிங் கூடாதென்று இருவருக்கும் தெரியும். ஒரு காலிறுதியில் பக்கம் மாறும்போது எதிராளி என்னைக் கடந்தபடி, "உங்கப்பாவுக்கு இன்னிக்கு தலை ரொம்ப அரிக்குது போல" என்றான். அவன் அம்பயரிடம் போகவில்லை. அதன்பின் அப்பா இருந்த பக்கமே என்னால் திரும்ப முடியவில்லை. தோற்றேன். வண்டியில் ஏறியதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "ஏன்டா என்னைப் பார்க்கவே இல்ல?"

2018 யுஎஸ் ஓபன் இறுதியில், கோச்சிங் வாங்கியதாக எச்சரித்த நடுவர் கார்லோஸ் ராமோஸிடம், நான் ஏமாற்றுபவள் இல்லை என்று செரீனா வில்லியம்ஸ் கொதித்தபோது அந்தக் காலிறுதிதான் ஞாபகம் வந்தது. சைகை காட்டியதை அவருடைய கோச் முராடோக்லு ஆட்டம் முடிந்ததும் ஒப்புக்கொண்டார். செரீனா அதைப் பார்த்திருக்க மாட்டார் என்றும் சொன்னார். இருவரையும் நம்புகிறேன். ஆனால் பார்த்தாயா என்று விதி கேட்கவில்லை. கை காட்டியது ஒருவர், எச்சரிக்கை வாங்கியது இன்னொருவர். பிறகு ராக்கெட்டை உடைத்ததற்கு ஒரு பாயிண்ட், நடுவரைத் திருடன் என்றதற்கு ஒரு கேம் பறிபோனது. எதிர்த்து ஆடி வென்ற ஒசாகாவோ கூட்டத்தின் கூச்சலில் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதார்.

உயரநாற்காலி:
சின்னப் போட்டிகளில் சேர் அம்பயராக உட்கார்ந்தவன் நான். ஒரு அம்மா "கமான்" சொல்வதில் மூன்று தினுசு இருந்தது. மூன்றாவது தினுசு வந்தால் மகள் டிராப் ஷாட் போடுவாள் என்பது எனக்கு உறைக்க இரண்டு செட் ஆனது. என்னவென்று எச்சரிப்பது, கமான் சொன்னதற்கா? 2022 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் கிரேக்க வீரர் சிட்சிபாஸின் அப்பா பேசிக்கொண்டே இருக்கிறார் என்று எதிர்த்து ஆடிய மெத்வதேவ் கத்த, கிரேக்கம் தெரிந்த அம்பயர் ஈவா அஸ்டராகியை அப்பா இருந்த பார்வையாளர் பெட்டிக்குப் பக்கத்துச் சுரங்கவழியில் நிறுத்தித்தான் பிடித்தார்கள். எனக்கு அப்படி ஆள் ஏது! அதே ஆண்டு ஜூலையில் ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏடிபி சோதனை முறையில் கேலரி கோச்சிங்கை அனுமதித்ததும் அப்பாடா என்றிருந்தது.

இரண்டாம்செர்வ்:
அப்பாடா உங்களுக்கு. நான் கோச். 2025 ஜனவரி முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளிலும் அதற்கு இடம் வந்துவிட்டது. பாயிண்டுகளுக்கு நடுவே சுருக்கமாகச் சொல்லலாம், சைகை காட்டலாம். விளைவு, பாயிண்ட் போன மறுநொடி பிள்ளைகளின் கண் என் மேல். சொந்தமாக யோசிப்பது எப்போது?

என் மாணவி ஒருத்திக்கு 2005 ரோம் போட்டியின் கதையை இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ராடிக் ஜெயிக்க ஒரே பாயிண்ட் போதும் என்ற நிலையில், எதிராளி வெர்டாஸ்கோவின் இரண்டாவது செர்வை அவுட் என்றார்கள். களிமண்ணில் பதிந்த தடத்தைக் காட்டி, உள்ளேதான் விழுந்தது என்றார் ராடிக். கடைசியில் ஆட்டத்தையே தோற்றார். அவளுக்குக் கதை பிடித்திருந்தது.

போன மாதம் லைன் அம்பயர் இல்லாத ஆட்டம். அவள் பக்கத்து லைனில் ஒரு பந்து விழுந்தது, அவள்தான் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்தாள். பந்து உள்ளே விழுந்ததை நான் பார்த்திருந்தேன். முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அவுட்" என்றாள்.