லம்பத்து மண்ணுல கங்கோங்: பாக்டீரியா ஊத்தினா காரீயம் போயிடுமா?

கங்கோங்_தம்பி:
வணக்கம். நா கேஎல் (கோலாலம்பூர்) சுங்கை பீசி. ஃப்ளாட்டுக்குப் பின்னால ஒரு துண்டு காலி நிலம், முன்ன ஈய லம்பமா (சுரங்கமா) இருந்து மூடுன எடம்னு பழைய ஆளுங்க சொல்றாங்க, அதுக்கப்புறம் கொஞ்ச வருசம் ஒரு வெர்க்‌ஷாப்பும் இருந்துச்சாம், பழைய பேட்டரியெல்லாம் அங்கதான் ஒடச்சுப் போடுவாங்களாம். கங்கோங் கீரை, பயத்தங்காய், வெண்டி போட்டிருக்கேன். இலை சின்னதா மஞ்சளா நிக்குது, வேரப் புடுங்கிப் பாத்தா கட்டையா நுனி கறுத்துக் கெடக்கு. மண்ண டெஸ்ட்டுக்குக் குடுத்தேன், பிஎச் 4.6, காரீயமும் கேட்மியமும் கூடுதல்னு வந்திருக்கு. செடிக் கடைக்காரர் ஒரு பாட்டிலக் காட்டி "நல்ல பாக்டீரியா, மெட்டலையெல்லாம் தின்னுடும்"ங்கறாரு, 38 வெள்ளி (ரிங்கிட்). வாங்கலாமா?

செர்டாங்_அக்கா:
தின்னாது தம்பி. காரீயமும் கேட்மியமும் தனிமம், கீரத்தண்டு மாதிரி மக்கிப் போற சாமானில்ல. பாக்டீரியா செய்யறது வேற வேலை.

படிக்கும்போது லேப்ல இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கேட்மியம் கலந்த தட்டுல மண்ணக் கரைச்சு ஊத்துவோம், தாக்குப்புடிச்சு வளர்றத மட்டும் எடுத்து நீலக்கலர் அகார் ஜெல்லில ஒரு புள்ளி வைப்போம். சில நாள்ல அந்தப் புள்ளியச் சுத்தி ஆரஞ்சு வளையம் வந்திருந்தா அது சிடரோஃபோர் விடுதுனு அர்த்தம், இரும்பக் கொத்திப் புடிக்கிற கொக்கி மாதிரி. மெட்டல் ஏறுன மண்ணுல செடிக்கு இரும்பு சரியா கெடைக்காது, இலை மஞ்சளாறதுக்கு அதுவும் ஒரு காரணம், இந்தக் கொக்கி அங்க ஒதவும். அப்புறம் வேர் கட்டையா நிக்குதுன்னீங்களே, செடி கஷ்டப்பட்டா எத்திலீன்ங்கற செடி ஹார்மோன் ஜாஸ்தியாகி வேர் நீளாது. சூடோமோனாஸ், பேசில்லஸ்ங்கற பாக்டீரியாவுல சிலதுகிட்ட ஏசிசி டீஅமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, எத்திலீனா மாறப்போற சரக்க முன்னாடியே ஒடச்சுத் தின்னுடும், வேர் திரும்ப ஓடும். தின்னும்னா இதத்தான் தின்னும்.

ஆனா செடி பச்சையா நிக்குதேனு வாயில வச்சிராதீங்க. ஒரு பாக்டீரியா தன் மேல இருக்கிற வழவழப்புல மெட்டல ஒட்டவச்சு வேர்ப்பக்கமே நிறுத்தும், இன்னொன்னு விடுற ஆசிட்டும் கொக்கியும் மெட்டலக் கரைச்சு இலைக்கே ஏத்திவிட்டுரும். செடி வளத்து நெலத்த சுத்தம் பண்றவங்களுக்கு ரெண்டாவதுதான் வேணும், உங்க சட்டிக்கு அது ஆகாது. பாட்டில்ல எந்த ஜாதினு போட்டிருக்கா?

சுண்ணாம்பு_மாமா:
பிஎச் 4.6ல பாட்டில் வாங்கறது ஓட்ட பக்கெட்ல தண்ணி புடிக்கிற கதை. புளிச்ச மண்ணுலதான் கேட்மியம் கழண்டு செடிக்குள்ள போகும். மொதல்ல ஜிஎம்எல் சுண்ணாம்பு (மெக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் பொடி) போட்டு 6.5 கிட்ட கொண்டாங்க, கம்போஸ்ட் நெறைய போடுங்க. சூப்பர் பாஸ்பேட்லயும் கேட்மியம் கொஞ்சம் வரும், அத அள்ளிக் கொட்டாதீங்க. ஒன்னு, நம்மாளுங்க லம்பத்து ஈயம்ங்கறது டின், காரீயம் வேற, உங்க காரீயம் அனேகமா அந்த பேட்டரிலேர்ந்து வந்ததுதான். லம்பத்து மண்ணுக்கு ஆர்செனிக்கும் பாக்கணும், அது இருந்தா பிஎச் ஏத்த ஏத்த இன்னும் லூஸாகும்.

பழைய_கை:
மைன்ஸ் ஏரியே லம்பக்குட்டைதானே. நாங்கள்லாம் குட்டையோரம் கங்கோங் பறிச்சுத் தின்னு வளந்தவங்க, வயசு 70, ஒன்னும் ஆகல லா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எல்லாத்துக்கும் டெஸ்ட்டு.

செர்டாங்_அக்கா:
ஐயா நீங்க நல்லா இருங்க. ஆனா கேட்மியம் கிட்னில போயி உக்காந்தா 10, 20 வருசத்துக்கு எறங்காது, காரீயம் சின்னப் புள்ளைங்க மூளையப் பாதிக்கும். கோடெக்ஸ்ங்கற உலக உணவுத் தர விதி இலைக் கீரைக்கு கிலோவுக்கு காரீயம் 0.3 மில்லிகிராம், கேட்மியம் 0.2 வரைக்கும்தான் விடுது. தம்பி, மண்ணு ரிப்போர்ட் மட்டும் பத்தாது, இலையையும் குடுங்க. கழுவினா மேல இருக்கிற தூசிதான் போகும்.

கங்கோங்_தம்பி:
பாட்டில்ல "மைக்ரோப்"னு மட்டும்தான் இருக்கு, ஜாதியும் இல்ல தேதியும் இல்ல, கடை வாசல்ல கொதிக்கிற வெயில்ல அடுக்கி வச்சிருக்காரு. வாங்கல. கங்கோங்கப் புடுங்கி கம்போஸ்ட் குழில போடலாமா? இன்னொரு விசயம், போன வாரமே மாமியார் ஒரு கட்டு பறிச்சு பிளாச்சான் (எறா விழுது) போட்டு பிரட்டிட்டாங்க, சட்டி காலி.

செர்டாங்_அக்கா:
ஒரு தடவைக்குப் பயப்படாதீங்க, இனிமே வேணாம். கம்போஸ்ட்ல போட்டா திரும்ப அதே மண்ணுக்குத்தான் வரும், பைல கட்டித் தூக்கிப் போடுங்க. காய்ல இலையவிட கம்மியாத்தான் ஏறும், இருந்தாலும் வெண்டிக்கும் ரிப்போர்ட் வரட்டும். அதுவரைக்கும் கங்கோங்க பாலிபேக்ல புது மண்ணு போட்டு வளங்க, மாமியாருக்கு அதையே காட்டி விடுங்க.